கண்ணாடி அலமாரிக்குள் ஒரு தீவு

லிஸ்பன் நகரத்துக் கடைகளில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. விற்பனைக்கு வைத்திருக்கும் சாமானை யார் வேண்டுமானாலும் எடுத்து நோண்டலாம். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துப் பெரிய அங்காடியில், கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம் கருவிகளை இடுப்புயர மேசை ஒன்றில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு சுருள் கம்பியால், ஆட்டுக்குட்டியை முளையில் கட்டுவதுபோல, மேசையோடு கட்டியிருக்கிறார்கள். நான் முதலில் போன அன்று கருவிகள் நான்கு, பிள்ளைகள் ஏழு பேர். ஒரு பிள்ளையின் கையில் ஐஸ்கிரீம் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் கையாலேயே பொத்தான்களை அழுத்தினான். கடையில் நின்ற பெண் அதைப் பார்த்தாள், சிரித்தாள், வேறு வேலைக்குப் போய்விட்டாள். நான்தான் என் கைக்குட்டையை எடுத்துக் கருவியைத் துடைத்தேன். நான் வளர்ந்த கடற்கரையில், வெளிநாட்டுச் சாமான் என்றால் அதற்கும் நமக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருக்கும்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணி, கிழிந்தது எத்தனை, நனைந்தது எத்தனை என்று குறித்துக்கொடுப்பது வேலை. வேலை முடிந்துபோயிற்று, எண்ணுவது மட்டும் முடியவில்லை. இங்கே ட்ராமில் ஏறினால் தொங்கும் கைப்பிடிகளை எண்ணுகிறேன். கோயிலில் பிரசங்கம் புரியாததால் மெழுகுவர்த்திகளை எண்ணுகிறேன். மனைவி காலமான பிறகு மகன் ரூபன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரே மகள், ஜோவிட்டா, ஒன்பது வயது. ஊரில் என் மகள் பிரமிளாவுக்கும் ஒரே மகள், ஷெரின். அவளுக்கும் அதே வயது. பேத்திகள் இருவர். அதற்குமேல் எண்ண ஆள் இல்லை.

அந்த இருவரும் சேர்ந்து இருந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு மாதம். போன வருட விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போனபோது தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தருவைகுளத்தில், பிரமிளாவின் மாமனார் வீட்டில் தங்கினோம். முதல் சில நாட்கள் ஒருத்தி வாசலில் நின்றாள், இன்னொருத்தி அடுக்களையில் நின்றாள். ஜோவிட்டாவின் தமிழ் பாதித் தமிழ். ஷெரினுக்குப் போர்த்துக்கீசு தெரியாது. பிறகு எப்படியோ பிரமிளாவின் கைபேசியில் பலூன் உடைக்கிற விளையாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே திரையில் இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி. அதன்பின் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் இரண்டும் காதில் வாங்காது. சண்டை போட்டார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள், ஒரே போர்வைக்குள் தூங்கினார்கள். இங்கே திரும்பிய பிறகு வாரம் ஒரு தடவை போன். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீ?" "நானும்." அதற்குமேல் இருவருக்கும் சொல் கிடைக்காது. திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். பெரியவர்கள் யாராவது போனை வாங்கிக்கொள்வோம்.

இந்த வருடம் ஜோவிட்டாவின் ஒரே தோழி, மேல்மாடிப் பெண், குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். பள்ளி விட்டு வந்தால் வீடு அமைதியாக இருக்கும். நானும் அவளும்தான். ஒருநாள் நான், "ஷெரினுக்குப் போன் போடுவோமா?" என்றேன். "வேண்டாம் தாத்தா, அவளுக்கு என்னைப் பிடிக்காது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்று மழை பெய்யும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். என் மகனும் மகளும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அவர்கள் காலம் வரை போக்குவரத்து இருக்கும். இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் விட்டுவிட்டால், அதற்குப் பிறகு இந்த வீட்டில் இருந்து அந்த வீட்டுக்குப் போக யாருக்கும் ஒரு காரணமும் இருக்காது. வெளியூர்ப் பிழைப்பில் இருக்கும் எல்லாக் கிழவர்களுக்கும் இந்தக் கவலை இருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வருகிற மே மாதம் இருவருக்கும் புதுநன்மை. எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர் வீடுகளில், பிள்ளை முதன்முதலில் நற்கருணை வாங்கும் அந்த நாளுக்குத் தாத்தா வீட்டில் இருந்து தங்கமாக ஏதாவது போகும். ஜோவிட்டாவிடம் மோதிரமா, சங்கிலியா என்று கேட்டேன். அவள் சற்று யோசித்துவிட்டு, கையில் பிடித்து ஆடும் அந்தக் கருவி கிடைக்குமா என்று கேட்டாள். நான் அன்றே முடிவுசெய்துவிட்டேன். ஒன்று அல்ல, இரண்டு. ஒன்று இவளுக்கு, இன்னொன்று அவளுக்கு. ரூபன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பா, அங்க எல்லார் கையிலயும் போன் இருக்கு. அதுல விளையாடட்டும்."

"அந்தப் போனு அவ அம்மைக்குள்ளது. பாதி விளையாட்டுல பிடுங்கிருவாலே. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும். ஒரே கலரு."

"கலர்ல என்னப்பா இருக்கு?"

"வேற வேற கலருன்னா எது ஒசத்தின்னு ரெண்டும் கேக்கும்லே."

தேர்ந்தெடுப்பது நான் நினைத்ததைவிடச் சிக்கலான காரியம். மூன்று தடவை அந்த மேசைக்குப் போய்வந்தேன். ஒன்று கனமானது, பெரிய திரை, ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு அரை மணி நேரம் தாங்காது. நானே பிடித்துப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் கீழே வைத்தேன். இன்னொன்று சின்னது, வழவழப்பானது, உள்ளேயே நானூறு விளையாட்டுகள் இருப்பதாகப் பெட்டியில் போட்டிருந்தது. எண்ணிப் பழகியவனுக்கு நானூறு என்ற சொல் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அதையே எடுத்துக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்கு நடந்துவிட்டேன். ஜோவிட்டா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "தாத்தா, இதுல ஷெரின் வர முடியாது." நானூறு விளையாட்டுகளும் ஒற்றை ஆள் ஆடுகிறவை. திரும்பப் போய் வைத்துவிட்டு, கடைசியில் மூன்றாவதை எடுத்தோம். அதில் ஒரு தீவு விளையாட்டு உண்டு. பிள்ளை தனக்கென்று ஒரு தீவை வைத்துக்கொண்டு, மரம் நட்டு, மீன் பிடித்து, வீடு கட்டலாம். உலகத்தில் எங்கிருந்தாலும் இன்னொரு பிள்ளை படகேறி அந்தத் தீவுக்கு வரலாம்.

எனக்கு ஒரு பயம் பாக்கி இருந்தது. தூத்துக்குடிக் காற்றில் உப்பு அதிகம். ஜன்னல் கம்பியையே தின்றுவிடும் காற்று அது. கருவியின் பக்கவாட்டில் சிறிய துவாரங்கள் வேறு, எண்ணினால் பதினெட்டு. கடைப் பெண்ணிடம், எனக்குத் தெரிந்த நாலு போர்த்துக்கீசுச் சொற்களில், உப்பு, காற்று, கடல், கெட்டுப்போகுமா என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது. "பிரையா!" என்றாள். கடற்கரைக்கு விளையாடப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டாள். தண்ணீர் புகாத உறை ஒன்றையும், கூடவே ஒரு பெரிய துண்டையும் கொண்டுவந்து காட்டினாள். வீட்டுக்குள்ளேயே காற்றோடு வரும் உப்பை அவளுக்கு எப்படி விளக்குவது? உறையை மட்டும் வாங்கிக்கொண்டேன். ரூபன் இரண்டு கருவிகளையும் பிரித்து, ஒன்றில் ஜோவிட்டா பெயரையும் இன்னொன்றில் ஷெரின் பெயரையும் பதிந்து, இரண்டையும் இணைத்துவைத்தான். எங்கள் மாவட்டத்து நாசரேத் ஊர்க்காரர் ஒருவர், இங்கே வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு ஊருக்குப் போனார். அவர் கைப்பையில் ஷெரினுடையது பயணமாயிற்று.

போய்ச் சேர்ந்ததும் ஷெரின் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று வந்தது. அதன்பின் ஒன்றும் இல்லை. ஜோவிட்டா பள்ளியில் இருந்து வந்ததும் கருவியைத் திறந்து பார்ப்பாள். ஷெரினின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பொட்டு உண்டு. அவள் வந்தால் பச்சையாகும். அது சாம்பல் நிறத்திலேயே இருந்தது. ஜோவிட்டா தன் தீவில் விருந்தாளிக்கென்று ஒரு படகுத்துறை கட்டினாள், பூச்செடி வைத்தாள், இரண்டு நாற்காலி போட்டாள். பொட்டு சாம்பல்தான். போனில் கேட்டதற்கு ஷெரின் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரீட்ச இருக்கு" என்றாள். பிரமிளாவிடம் கேட்டேன். "பத்திரமா இருக்குப்பா" என்றாள். பத்திரமாக இருக்கிறது என்றால் எங்கே இருக்கிறது என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இங்கே வந்து சில வருடங்களில் மறந்துபோயிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கப்பல்காரர் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடத்தில் நுழைந்ததும் எதிரே ஒரு கண்ணாடி அலமாரி நிற்கும். கப்பலில் போனவர் ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்த சாமான்கள் அதற்குள் இருக்கும். கண் சிமிட்டும் பொம்மை, சாவி கொடுத்தால் ஓடும் ரயில், ஒருபோதும் காப்பி ஊற்றாத கோப்பைகள். என் அண்ணனும் கப்பலில் இருந்தார். அவர் கொண்டுவந்த ரயில் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அலமாரியை விட்டு இறங்கும். பெரியவர்கள் சாவி கொடுப்பார்கள், நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்போம், மறுபடி உள்ளே போகும். சிறுபிள்ளையில் அது கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அப்படி அல்ல. பத்து மாதம் கடலில் இருந்தவர் வீட்டில் காட்டுவதற்கு அந்தச் சாமான்களைத் தவிர வேறென்ன உண்டு? அவை உடைந்தால் அவர் போன கடல்களுக்குச் சாட்சி இல்லாமல் போகும்.

பிரமிளாவின் மாமனார் கஸ்பாரும் அப்படி ஒரு கப்பல்காரர். எஞ்சின் ரூமில் முப்பது வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவருக்கே வீடியோ கால் போட்டேன். ஜோவிட்டா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சம்மந்தி, பூச கண்டாச்சா?" என்றார் கஸ்பார்.

"கண்டாச்சு. புள்ளைக்குக் குடுத்துவிட்ட சாமான் எங்க இருக்கு சம்மந்தி?"

"எங்க இருக்குமாம்? ஏ பிரமி, போனை அங்கன கொண்டா. சம்மந்திக்குக் காட்டு."

போன் கூடத்துக்குப் போயிற்று. கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டு. ஒருபக்கம் குழந்தை இயேசு சுரூபம், மறுபக்கம் அவருடைய அப்பா முத்துக்குளிப்புக் காலத்தில் எடுத்த பெரிய சிப்பி ஓடு. நடுவில் எங்கள் பெட்டி. பிரித்த பெட்டியாயிற்றே என்று கஸ்பாரே புதிதாக ஒரு கண்ணாடித் தாள் சுற்றியிருந்தார். மேலே ஒரு குட்டி பல்பு எரிந்தது.

"பாத்தியளா? ஒரு கீறல் கெடையாது. வந்த அன்னைக்கு எப்படியோ அப்படியே இருக்கு. சாவி எங்கிட்டதான். புதுநன்மைக்கு எறக்கி, ஊரே பாக்கக் கையில குடுத்து, போட்டோ எடுத்துட்டுத் திரும்ப வச்சிருவோம்."

ஜோவிட்டா என் காதருகே, "தாத்தா, அது கடையா?" என்றாள்.

"என்ன கேக்குதா புள்ள?" என்றார் கஸ்பார்.

"அழகா இருக்குங்கா" என்றேன்.

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு சிறிய கை வந்து, பெட்டி இருக்கும் இடத்துக்கு நேராக அலமாரிக் கண்ணாடியில் பதிந்தது. "ஏளா ஷெரின், கை வைக்காத, இப்பந்தான் தொடச்சேன்!" என்று கஸ்பார் அதட்டினார். கை போய்விட்டது, ஐந்து விரல் அடையாளம் மட்டும் கண்ணாடியில் நின்றது. ஜோவிட்டா என் தோளில் இருந்து தாடையை எடுத்தாள். அந்த அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு, "அவ வரமாட்டேன்னு சொல்லல. வர முடியல" என்றாள். ஷெரினுக்கு அவளைப் பிடிக்கும் என்று இரண்டு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை, விரல் அடையாளம் ஒரு நொடியில் சொல்லிவிட்டது.

ஆனால் பெட்டியை எப்படி இறக்குவது? பிரமிளா தனியாகப் பேசினாள். "நான் கேட்டா, உங்கப்பா குடுத்த சாமானை நீயே மதிக்கலியாங்காரு மாமா. நீங்க கேட்டா, குடுத்த பொருளைத் திருப்பிக் கேட்ட மாதிரி ஆயிரும்ப்பா." அவள் சொன்னதும் சரிதான். சம்பந்தி காட்டும் மரியாதை அது. மரியாதையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு வாரம் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, கருவியோடு வந்த கையேட்டை முதல் பக்கத்தில் இருந்து ரூபனைப் படித்துச் சொல்லச் சொன்னேன். பாதுகாப்பு எச்சரிக்கைகள் மட்டுமே முப்பத்தொன்று. அவ்வளவையும் கேட்டுப் பயப்பட என்னைப் போன்ற ஒருவனுக்குத்தான் பொறுமை இருக்கும். அதில் ஒன்று எனக்கு வேண்டியதாக இருந்தது. அன்றே கஸ்பாரைக் கூப்பிட்டேன்.

"சம்மந்தி, ஒரு சங்கடம். அதுக்குள்ள பேட்டரி இருக்கு. சார்ஜ் ஏத்தாம சும்மாவே கெடந்தா செத்துருமாம். வீங்கினாலும் வீங்கிருமாம்."

"பெட்டிக்குள்ளயேவா?"

"பெட்டிக்குள்ளயே."

"பக்கத்துல கொழந்த இயேசு இருக்காரே" என்றார். பிறகு அவரே சொன்னார்: "கப்பல்ல எமர்ஜென்சி ஜெனரேட்டர்னு ஒண்ணு உண்டு சம்மந்தி. நான் இருந்த வரைக்கும் ஒருநாளும் தேவப்பட்டது கெடையாது. ஆனாலும் வாராவாரம் ஓட்டிப் பாத்தாகணும். இல்லைன்னா வேணுங்கிற அன்னைக்கு மக்கர் பண்ணிரும்."

"அதேதான் சம்மந்தி, அதேதான்."

"முன்னமே சொல்லப்பிடாதா? சனிக்கெழம சனிக்கெழம ஓட்டிருவோம். நானே ஓட்டுதேன். புள்ள கையில குடுத்தா ஓவர்லோடு பண்ணிருவா."

பாதி ஜெயித்துப் பாதி தோற்றவனாகப் போனை வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, ஜோவிட்டா சமையலறை மேசையில் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே சாயங்காலம் தொடங்கும் நேரம். பொட்டு பச்சையாயிற்று. "தாத்தா!" என்று கத்தினாள். ஒரு படகு வந்து அவள் கட்டிய துறையில் நின்றது. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு குட்டி உருவம் இறங்கி, நேராகக் கடலுக்குள் நடந்தது. மறுபடி கரைக்கு வந்தது. தென்னை மரத்தில் முட்டியது. பூச்செடிகளை மிதித்தது. ஜோவிட்டாவின் ஆள் கை காட்டினாள். அது கண்டுகொள்ளவில்லை. நாற்காலிகளைத் தாண்டிப் போய்த் துறையின் நுனியில் நின்று, தூண்டிலை வீசத் தொடங்கியது. வீசியது, எடுத்தது, வீசியது. ஜோவிட்டாவின் முகம் மெல்லச் சுருங்கிற்று. "என்னைப் பாக்கவே இல்ல" என்றாள். இத்தனை பாடுபட்டு இதற்குத்தானா என்று இருந்தது. அந்த நேரத்தில் என் போன் அடித்தது.

"தாத்தா, ஜோவிகிட்ட குடுங்க!" ஷெரினின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "ஜோவி! அது நான் இல்ல! எங்க தாத்தா! டெஸ்ட் பண்ணுதேன், டெஸ்ட் பண்ணுதேன்னு தரவே மாட்டேங்காரு!"

பின்னால் கஸ்பார்: "இரு ளா, ஒண்ணு கடிக்கி!"

ஜோவிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமலே சிரித்தாள். "உங்க தாத்தா என் மீன் எல்லாம் எடுக்குது!"

"எடுக்குது இல்ல, எடுக்காரு!"

"எடுக்காரு! எல்லாம் எடுக்காரு!"

அன்று இருவரும் போனை வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சாப்பிட்டியா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒரு கிழவரின் கையில் இருந்து கருவியை எப்படி வாங்குவது என்பதைப் பற்றியே பேச்சு. வாராவாரம் என்றிருந்த சோதனை ஓட்டம் புதன்கிழமையும் வேண்டும் என்றாயிற்று, பிறகு கிழமைக் கணக்கே போயிற்று. கஸ்பார் என்னைக் கூப்பிட்டுக் குறைசொன்னார். "இது என்ன கடல் சம்மந்தி? நீரோட்டமே கெடையாது. எந்தப் பக்கம் போட்டாலும் மீன் விழுது. தருவைகுளத்துல எவனும் நம்பமாட்டான்." கருவி இப்போது அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி மேல் கிடக்கிறது, மூலையில் ஒரு கீறலோடு. வெறும் பெட்டி மட்டும் கண்ணாடித் தாளோடு அலமாரியில் அதே இடத்தில் இருக்கிறது, பல்பும் எரிகிறது. வருகிறவர்களுக்கு அவர் அதைத்தான் காட்டுகிறார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. பெட்டி மரியாதைக்கு, கருவி பிள்ளைகளுக்கு.

இப்போது யோசித்தால், இரண்டு ஊரின் பழக்கத்திலும் எனக்குக் குறை தெரிகிறது. இங்கே எதையும் தொடுகிறார்கள், அலுத்ததும் தெருமுனைக் குப்பைப்பெட்டி ஓரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே எதையும் தொடாமல், அது பழசாவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஜோவிட்டா டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று தானாகவே கேட்டுவிட்டாள். ரூபன் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் பெட்டியில் எதை எதை வைப்பது என்று இப்போதே எண்ணத் தொடங்கிவிட்டேன்.

நேற்று மதியம் ஜோவிட்டா என்னைக் கூப்பிட்டு, தன் தீவில் எனக்கென்று கட்டிய வீட்டைக் காட்டினாள். நீலக் கதவு, வாசலில் ஒரு நாற்காலி, நல்ல வெயில். பிறகு படகேறி ஷெரினின் தீவுக்குப் போனாள். அந்தத் தீவு அந்த ஊர்க் கடிகாரப்படி ஓடுவதால், கரை இறங்கியதும் இருட்டத் தொடங்கியிருந்தது. அங்கேயும் ஒரு வீடு, நீலக் கதவு, வாசலில் ஒரு நாற்காலி. விளக்கு ஏற்றிவைத்திருந்தாள் ஷெரின். "இங்கனயும் உங்களுக்கு ஒண்ணு போட்டாச்சு தாத்தா" என்று போனில் சொன்னாள். இரண்டு வீட்டுக் கதவிலும் ஒரு சின்னப் பலகை தொங்கியது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வீட்டுக்காரர் உள்ளே இல்லாவிட்டால் அந்தப் பலகை தானாகவே வந்துவிடுமாம். ஜோவிட்டா எனக்காக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்: "தாத்தா வெளியே போயிருக்காரு. வந்திருவாரு."